ஒரே நாள்தான் ஊரில்: எங்கே சாப்பிடுவது என்று முடிவெடுக்கும் முறை

காலை 8 மணிக்கு ஊரில் இறங்கி இரவு 8 மணிக்குக் கிளம்புகிறவர் கையில் இருப்பது 12 மணி நேரம். பையை வைக்க, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக, நுழைவுச்சீட்டு வரிசையில் நிற்க என்று அதில் 4 மணி நேரம் கரைந்துவிடும். மீதி 8. மூன்று வேளையும் நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடலாம் என்று கிளம்பினால், தேட அரை மணி, போய்ச் சேர அரை மணி, உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி என வேளைக்கு 2 மணி நேரம் ஆகும். ஊரைப் பார்க்க மிஞ்சுவது 2 மணி நேரம்தான்.

ஆகவே ஒரு நாள் பயணத்தில் தேர்ந்தெடுத்துச் சாப்பிட ஒரு வேளைதான் வாய்க்கும். மற்ற இரண்டும் பசியாறுவதற்கான ஏற்பாடு. தேடல், காத்திருப்பு, பணம் மூன்றையும் அந்த ஒரு வேளைக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை வழியில் முடித்துக்கொள்வதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

முதல் படி: எந்த வேளை?

பெரும்பாலும் மதியம்தான் சரிப்பட்டு வரும். இரவைவிடக் குறைந்த விலையில் மதியத்துக்கென்று தனி மெனு போடும் உணவகங்கள் எங்கும் உண்டு, சமையலறை அதேதான். முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்கும் வாய்ப்பும் மதியத்தில் கூடுதல். போன கடை பூட்டியிருந்தால் வேறு பார்க்க நேரம் இருக்கும். ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, இரவு 7 மணிக்கு, அந்த வசதி கிடையாது.

பலர் யோசிக்காத காரணம் ஒன்றும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு சேர்ந்த உணவு உள்ளே போனால் 30 நிமிடம் முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்பிடிப்பு தொடங்கும். மதியம் சாப்பிட்டிருந்தால் கழிப்பறையும் மருந்துக்கடையும் எட்டும் தூரத்தில் இருக்கும்போதே அது தெரியவர வாய்ப்பு அதிகம். இரவு சாப்பிட்டிருந்தால் ஓடும் பேருந்தில்தான் தெரியும்.

விதிவிலக்கு இரண்டு. ஊருக்குப் பேர் வாங்கித் தந்த உணவு காலையில் மட்டும் கிடைப்பது என்றால் காலையே முக்கிய வேளை. அப்படிப்பட்ட கடைகள் 10 மணிக்குள் தீர்ந்துபோகும் என்பதால் இறங்கியதும் நேராக அங்கே போய்விட வேண்டும். இரவுக் கடைவீதிக்குப் பேர்போன ஊரில், நள்ளிரவுக்குப் பிறகுதான் வண்டி என்றால் இரவை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: வட்டம் போடுங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் கடையைக் கண்டுபிடித்து, பிறகு அங்கே எப்படிப் போவது என்று பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.

சாதாரண நடை நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர். 10 நிமிடம் நடந்தால் 800 மீட்டர். ஆனால் தெருக்கள் நேர்கோட்டில் போவதில்லை; மேப்பில் நேர்கோடாக 600 மீட்டர் தெரிவது நடக்கும்போது ஏறக்குறைய 800 ஆகிவிடும். ஆக, 10 நிமிட நடைக்குள் கடை வேண்டுமென்றால் 600 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கும் இடத்துக்கு இரண்டு மூன்று வாசல்கள் இருந்தால், வெளியே வரும் வாசலே வட்டத்தின் மையம். பெரிய வளாகங்களில் உள்ளே போகும் வழிக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அருங்காட்சியகத்திலிருந்து 12:30-க்கு வெளியே வருகிறீர்கள். அடுத்த இடத்துக்கு 3 மணிக்கு நேரம் குறித்த சீட்டு. இடையில் 150 நிமிடம். கடைக்குப் போக 15, இடத்துக்குக் காத்திருக்க 20, ஆர்டர் கொடுத்து உணவு வர 25, சாப்பிட 35, பில் கட்ட 10, அடுத்த இடத்துக்குப் போக 15. மொத்தம் 120. கையில் அரை மணி மிச்சம். கடை 40 நிமிடத் தொலைவில் இருந்தால்? போகவர மட்டும் 80, மற்றவை 90, ஆக 170. சீட்டு வீண். ஊரிலேயே சிறந்த கடை என்றாலும் அன்றைக்கு அது உங்களுக்கு இல்லாத கடைதான்.

வட்டத்துக்குள்ளும் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. புகழ்பெற்ற இடத்தின் வாசலை ஒட்டிய முதல் 100, 200 மீட்டரில் வாடகை அதிகம். சாப்பிட வருபவர் மறுபடி வரப்போவதுமில்லை. நன்றாகச் சமைத்தாலும் சுமாராகச் சமைத்தாலும் நாளைக்குப் புதுக் கூட்டம் வந்துவிடும் என்பதால், சமையலில் அக்கறை காட்டக் கடைக்காரருக்குக் கட்டாயம் குறைவு. இரண்டு தெரு தள்ளி, அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி, மருத்துவமனை, மொத்தச் சந்தை என்று தினமும் ஒரே ஆட்கள் வந்துபோகும் இடம் இருக்கிறதா பாருங்கள். அங்கே மதியக் கடை நடத்துகிறவர் ஒரே வாரம் சொதப்பினால்கூட வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இதில் ஒரு பொறி உண்டு: வார விடுமுறை நாளில் அலுவலகப் பகுதி வெறிச்சோடிக் கிடக்கும், கடைகளும் பூட்டியிருக்கும். அன்றைக்குக் குடியிருப்புப் பகுதிப் பக்கம் திரும்ப வேண்டும்.

மூன்றாம் படி: பெயர்களைச் சேகரிப்பது

‘இந்த ஊரில் சிறந்த உணவகம்’ என்று தேடினால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பட்டியல்கள்தான் வரும். உணவின் பெயரையும் பகுதியின் பெயரையும் சேர்த்து, உள்ளூர் மொழியில், உள்ளூர் எழுத்தில் தேடுங்கள். எழுத்து தெரியாவிட்டால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு நகலெடுத்தால் போதும். முடிவுகள் அடியோடு மாறும். அவ்வூர்க்காரர்கள் தங்களுக்காக எழுதியவை மேலே வரும். முதலில் தெரிவது ‘விளம்பரம்’ என்ற குறியோடு இருந்தால் தாண்டிப் போய்விடலாம்.

ஆட்களிடம் கேட்பதிலும் கேள்விதான் முக்கியம். “இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு எது பொருந்தும் என்று அவர் நினைக்கிறாரோ அதைச் சொல்வார். அது பெரும்பாலும் ஏசி போட்ட, விலை கூடிய, உப்பு உறைப்பு குறைந்த இடமாக இருக்கும். “நேற்று மதியம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். வீட்டிலிருந்து எடுத்து வந்தேன் என்றால், “எடுத்து வராத அன்றைக்கு?” என்று கேளுங்கள். கடைச் சிப்பந்தி, காவலாளி, மருந்துக்கடைக்காரர் எல்லாம் கேட்க ஏற்ற ஆட்கள். நீங்கள் கேட்காமலே ஒரு கடைக்குக் கூட்டிப்போக முன்வரும் வண்டிக்காரருக்கு அங்கே கமிஷன் இருக்கலாம்.

உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிச்லின் வழிகாட்டி வெளியாகும் ஊராக இருந்தால், நட்சத்திரக் கடைகளை விட்டுவிட்டு ‘பிப் குர்மான்ட்’ பட்டியலைப் பாருங்கள். 1926-ல் தொடங்கிய நட்சத்திரம் சமையலின் உச்சத்துக்கு. 1997-ல் வந்த பிப் குர்மான்ட் மிதமான விலையில் நல்ல சாப்பாட்டுக்கு. நட்சத்திரக் கடையில் ஒரு சாப்பாடே இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும், முன்பதிவும் வாரக்கணக்கில் முன்னதாக வேண்டியிருக்கும். ஒரு நாள் பயணிக்கு அது கட்டுப்படியாகாது.

வட்டத்துக்குள் ஐந்தாறு பெயர் சேர்ந்ததும் தேடலை நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: ரேட்டிங்கை எப்படி வாசிப்பது

15 பேர் போட்ட 4.9-ஐயும் 1,200 பேர் போட்ட 4.4-ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. எளிய கணக்கு ஒன்று: ஒவ்வொரு கடைக்கும் 3.5 மதிப்பெண்ணில் 20 கற்பனை ரிவ்யூ சேர்த்துச் சராசரி எடுங்கள். முதல் கடை: 15 × 4.9 = 73.5; அதோடு 20 × 3.5 = 70; மொத்தம் 143.5. இதை 35-ஆல் வகுத்தால் 4.1. இரண்டாவது கடை: 5,280 + 70 = 5,350; இதை 1,220-ஆல் வகுத்தால் 4.39. இப்போது வரிசை மாறிவிட்டது. பேய்சியன் சராசரி என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான். 3.5, 20 என்ற எண்களில் மந்திரம் ஏதுமில்லை. குறைந்த ரிவ்யூவை முழுசாக நம்பாமல் இருப்பதற்கான ஒரு வழி, அவ்வளவுதான். ஒரு ஊரின் 4.2-ஐ இன்னோர் ஊரின் 4.2-ஓடு வைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. சில ஊர்களில் தாராளமாகப் போடுவார்கள், சில ஊர்களில் கையைச் சுருக்குவார்கள். ஒரே பகுதிக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, ரிவ்யூக்களைப் ‘புதியவை முதலில்’ என்று மாற்றுங்கள். சமையல்காரர் மாறினாலும் முதலாளி மாறினாலும் பழைய சராசரி மாற நாளாகும். கடைசி மூன்று மாதத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதே இன்றைய கடை. மூன்று நட்சத்திர ரிவ்யூவைக் கட்டாயம் படியுங்கள். எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று இரண்டையும் எழுதுவது அவர்கள்தான். ஒரு நட்சத்திரத்தில் குறை எதைப் பற்றியது என்று பாருங்கள். வண்டி நிறுத்த இடமில்லை, டெலிவரி தாமதம், உட்காரச் சொல்லவில்லை என்பவை உங்களைப் பாதிக்காது. ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பேர் வயிறு கெட்டது என்று எழுதியிருந்தால், மற்றது எதையும் படிக்க வேண்டாம். பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

காசு கொடுத்து எழுதவைத்ததும் கேட்டு வாங்கியதும் கலந்தேதான் இருக்கும். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு ஐந்து நட்சத்திரம், எழுதியவர் கணக்கில் வேறு ரிவ்யூவே இல்லை, சாப்பிட்டது என்ன என்று ஒரு வார்த்தை இல்லை ஆனால் பரிமாறியவர் பெயர் மட்டும் தவறாமல் இருக்கிறது என்றால், டேபிளிலேயே போனைக் கையில் கொடுத்து எழுதச் சொன்ன ரிவ்யூவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படங்களில் கடைக்காரர் போட்டதைத் தள்ளிவிட்டு, சாப்பிட்டவர்கள் எடுத்ததைப் பாருங்கள். அளவு, எண்ணெய், விலைப்பட்டியல் மூன்றும் அதில் தெரியும். விலைப்பட்டியல் படத்தின் தேதியையும் கவனிக்க வேண்டும். கூட்ட நேரத்தைக் காட்டும் கட்டங்கள் கூகுள் மேப்பில் இருக்கும்; உச்சத்துக்கு 30, 40 நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தால் இடமும் கிடைக்கும், சமையலும் சூடாக இறங்கிக்கொண்டிருக்கும். கட்டங்கள் குறைந்துவரும் நேரத்தில் போனால் இடம் உண்டு, நல்ல உணவு தீர்ந்திருக்கும்.

ஐந்தாம் படி: உறுதி செய்வது

ஒரு போன் போதும். இன்று திறந்திருக்கிறதா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, கார்டு வாங்குவீர்களா? மேப்பில் ‘3 மணி வரை’ என்றிருந்தால் சமையலறை 2:30-க்கே அடுப்பை அணைத்துவிடலாம். மதியத்துக்கும் இரவுக்கும் இடையே பூட்டும் கடைகளும் ஏராளம்.

உணவு ஒவ்வாமை இருப்பவர்கள், அசைவம் தொடாதவர்கள், உள்ளூர் மொழியில் ஒரு அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘சைவம்’ என்ற சொல் எங்கும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளப்படுவதில்லை. “இறைச்சி, மீன், முட்டை, எலும்பு வேகவைத்த நீர், விலங்குக் கொழுப்பு எதுவும் சாப்பிடமாட்டேன்” என்று பொருளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைத் தருவது 2014 டிசம்பர் முதல் சட்டப்படி கடையின் கடமை. கேட்கத் தயங்க வேண்டாம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அட்டையை மட்டும் நம்பாமல் தம் மருந்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கடையின் பெயர், முகவரி இரண்டையும் உள்ளூர் எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். மாற்றுக் கடை ஒன்றையும் முதல் கடையிலிருந்து 5 நிமிட நடைக்குள் குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் மறுமுனையில் இருக்கும் மாற்று எதற்கும் உதவாது.

ஆறாம் படி: வாசலில் இரண்டு நிமிடம்

இத்தனை தேடியும், கடைசி முடிவு வாசலில்தான். உள்ளே உட்கார்ந்தபின் எழுந்து வரக் கூச்சமாக இருக்கும். வெளியில் நிற்கும்போது யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் டேபிள்களைப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே உணவைச் சாப்பிட்டால் அதுதான் அந்தக் கடையின் சரக்கு. எதை ஆர்டர் செய்வது என்ற கேள்வியும் தீர்ந்தது. பிறகு மெனுவின் நீளம். சமையலறையில் இரண்டு பேர், மெனுவில் 120 ஐட்டம் என்றால், கேட்டவுடன் புதிதாகச் செய்ய முடியாது. ஃபிரிட்ஜிலிருந்தும் மைக்ரோவேவிலிருந்தும்தான் பாதி வரும். வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர் இருந்தால், உள்ளே இடம் காலி என்று பொருள்.

வரிசை நின்றால் நீளத்தைப் பார்த்துப் பயப்படவோ மயங்கவோ வேண்டாம், வேகத்தை அளந்து பாருங்கள். 5 நிமிடம் நின்று எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். முன்னால் 24 பேர், 5 நிமிடத்தில் 4 பேர் போனார்கள் என்றால் உங்கள் முறை வர 30 நிமிடம். கடை திறந்த உடனே மட்டும் இந்தக் கணக்குத் தப்பும். எல்லா டேபிளும் ஒரே நேரத்தில் நிரம்பியிருப்பதால் முதல் அரை மணி வரை வரிசை நகரவே நகராது, பிறகு மொத்தமாக நகரும்.

சமைத்து வைத்துப் பரிமாறும் கடை என்றால் ஆவியைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ்: இந்த இடைவெளியில் கிருமிகள் பெருகும். பரிமாறும்போது அடிவரை கிளறினாலும் ஆவி வராத பாத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள். “இதோ சூடு பண்ணித் தருகிறேன்” என்பது இங்கே தீர்வாகாது. நெடுநேரம் வெதுவெதுப்பில் கிடந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாந்தி நச்சும், ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சும் கொதித்தாலும் அழியாது; கிருமிதான் சாகும், நச்சு அப்படியே இருக்கும். கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறங்கும் சாதாரணத் தள்ளுவண்டி உணவு, காலையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பளபளப்பான உணவைவிடப் பத்திரமானது. காசு வாங்கும் கையும் உணவெடுக்கும் கையும் ஒன்றா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது.

ஏழாம் படி: ஆர்டர்

ஒருவராக இருந்தால் அந்தக் கடையின் பேர்போன ஒன்று மட்டும். இரண்டு பேர் என்றால் வெவ்வேறாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். விலை போடாத இடத்திலும், ‘இன்றைய விலை’ என்று எழுதிய இடத்திலும், எடைக்கணக்கில் விற்கும் மீன், இறைச்சியிலும்தான் பில் எகிறும். மெனுவில் தெரியும் எண் தட்டுக்கா 100 கிராமுக்கா என்று கேளுங்கள். 100 கிராமுக்கு என்றால், 700 கிராம் மீனுக்கு அந்த எண்ணைப்போல் ஏழு மடங்கு. அடுப்பில் போடுமுன் எடை போட்டு மொத்தத் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி உணவு டேபிளுக்கு வரும்போதே பில்லையும் கேட்டுவிட்டால் 10 நிமிடம் மிச்சம்.

ஆறு பேருக்கு மேல் போனால் ஒரே டேபிளுக்காகக் காத்திருக்காமல் மூன்று மூன்றாகப் பிரிந்து உட்காருங்கள். எந்தக் கடை என்று கூட்டத்தில் விவாதம் நடத்தினால் விடியாது. ஒருவர் மூன்று பெயர் சொல்லட்டும், மற்றவர்கள் வேண்டாததை அடிக்கட்டும், மிஞ்சியதற்கு நடையைக் கட்டுங்கள்.

மற்ற இரண்டு வேளை

காலை உணவு இறங்கிய இடத்திலிருந்து 300 மீட்டருக்குள், 20 நிமிடத்தில் முடிய வேண்டும். மதியம் கனமாக இருக்கப்போகிறது என்றால் பாதி வயிற்றுக்குப் போதும். ஆனால் முழுப் பட்டினியோடு மதியத்துக்குக் காத்திருக்காதீர்கள். பசி ருசி அறியாது என்பது இருக்கட்டும், பசித்தவர் கண்ணுக்கு எந்தக் கடையும் நல்ல கடையாகத்தான் தெரியும். வாசல் சோதனையெல்லாம் பறந்துவிடும். கடைசியாகச் சாப்பிட்டு மூன்றரை மணி நேரம் ஆகியும் அடுத்த கடைக்கு இன்னும் அரை மணி இருக்கிறது என்றால், பையில் உரித்துத் தின்னும் பழமோ ஒரு கைப்பிடி கடலையோ இருக்க வேண்டும்.

இரவு உணவை வண்டி கிளம்பும் இடத்தை ஒட்டி, ஆனால் நிலையத்துக்குள் இல்லாமல், 5 நிமிட நடையில் பார்த்து வையுங்கள். பையை எடுத்தபின் சாப்பிடப் போகிறீர்களா, சாப்பிட்டபின் எடுக்கப் போகிறீர்களா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். லக்கேஜ் வைக்கும் அறை பூட்டும் நேரம் பலரைச் சாப்பிடவிடாமல் ஓடவைக்கும். பார்சல் வாங்கினால் 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. 7 மணிக்கு வாங்கி 10 மணிக்குப் பேருந்தில் பிரிக்கப்போகிறீர்கள் என்றால் குழம்பு, பால், முட்டை, இறைச்சி சேர்ந்தது எதுவும் வேண்டாம். ரொட்டி, பிஸ்கட், முழுப்பழம் என்று உலர்ந்ததாக வாங்குங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரும் பையின் மேலறையில் இருக்கட்டும். பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் மட்டும் கரைக்க வேண்டும். குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பு மிகுந்து வயிற்றுப்போக்கு கூடிவிடும்.